எட்செல் கார்: ஒரு பெயர் பட்ட பாடு

பேரன் என்று நாம் பேச்சில் சொல்வது பெயரன் என்னும் பழஞ்சொல்லின் திரிபு. பாட்டனாரின் பெயரைத் தாங்கி வருபவன் ஆதலால் அவன் பெயரன். பிழைப்பை நாடி வங்கத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிய பின்னும் நம் குடும்பங்களில் இவ்வழக்கம் முற்றும் அற்றுப் போய்விடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும், வீட்டில் பாட்டனார் பெயருமாக வளரும் குழந்தைகளை நம் சங்கத்து அன்பர்கள் வீடுகளிலேயே காணலாம். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூசிப் பிள்ளையை வேறு பெயரிட்டு அழைத்த மருமகள்களையும் நாம் அறிவோம். பெயர் என்பது நமக்கு வெறும் அடையாளச் சீட்டு அன்று. ஆதலால், அமெரிக்க மோட்டார்த் தொழிலின் வரலாற்றில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சி மற்றவர்களைக் காட்டிலும் நமக்கு நன்கு விளங்கும் என்று தோன்றுகிறது. மறைந்த தந்தையின் பெயரை ஒரு காருக்கு இடுவதை மக்கள் மூவரும் விரும்பவில்லை. ஆயினும் அப்பெயரே இடப்பட்டது, கார் தோற்றது, அதனோடு பெயரும் தெருவுக்கு வந்தது. அந்தக் காரின் பெயர் எட்செல்.

ஹென்றி போர்டை அறியாதார் இல்லை. 1908-இல் அவர் வெளியிட்ட ‘மாடல் டி’ கார், செல்வர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்த மோட்டாரை உழவனின் வாயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. அவருக்கும் மனைவி கிளாராவுக்கும் பிறந்த ஒரே மகன் எட்செல். பிறந்தது 1893-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள். 1919-இல், இருபத்தைந்து வயதில், எட்செல் போர்டு கம்பெனியின் தலைவரானார். பதவி மகனிடம் வந்தது. அதிகாரம் தந்தையை விட்டு அகலவில்லை. மாடல் டி காலங்கடந்துவிட்டது, புதியது வேண்டும் என்று மகன் சொன்னார். தந்தை 1927 வரை அதை விடவில்லை. போட்டிக் கம்பெனிகள் ஹைட்ராலிக் பிரேக்கைப் பொருத்திப் பல ஆண்டுகள் ஆகியும், போர்டு கார்களில் அது 1939-ஆம் ஆண்டு மாடலில்தான் ஏறியது. தந்தை இயந்திரத்தை நேசித்தவர். மகன் வடிவத்தை நேசித்தவர். 1922-இல் போர்டு கம்பெனி வாங்கிய லிங்கன் நிறுவனமே எட்செல் தம் விருப்பப்படி நடத்தக்கூடிய ஒரே இடமாக இருந்தது. கிரிகோரி என்னும் வடிவமைப்பாளரைக் கொண்டு அங்கே அவர் உருவாக்கிய ‘லிங்கன் காண்டினென்டல்’, அமெரிக்கா செய்த அழகிய கார்களுள் ஒன்று என்று இன்றும் போற்றப்படுகிறது.

அவருடைய உள்ளத்தைக் காட்டும் செய்தி இன்னொன்று உண்டு. மெக்சிகோ நாட்டுப் பொதுவுடைமை ஓவியர் தியேகோ ரிவேரா, 1932, 1933 ஆம் ஆண்டுகளில் டெட்ராய்ட் நகரக் கலைக்கூடத்தில் போர்டு தொழிற்சாலையையும் அதன் தொழிலாளரையும் பெருஞ்சுவரோவியங்களாகத் தீட்டினார். அதற்குப் பொருள் உதவியவர் எட்செல். ஓவியங்கள் திறக்கப்பட்டதும் ஊரெங்கும் எதிர்ப்புக் கிளம்பிற்று. சுவரைச் சுண்ணாம்பு அடித்து மறைக்க வேண்டும் என்று கூடக் கேட்டனர். முதலாளியின் மகனான எட்செல் ஓவியரின் பக்கமே நின்றார். ஓவியங்கள் தப்பின.

1943 மே 26-ஆம் நாள், வயிற்றில் கண்ட புற்றுநோயால், தம் நாற்பத்தொன்பதாம் வயதில் எட்செல் மறைந்தார். எண்பதை நெருங்கிய தந்தை மீண்டும் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கம்பெனி சீர்குலைந்தது. எட்செலின் மனைவி எலினோர் தம் பங்குகளை விற்றுவிடுவதாக அச்சுறுத்திய பிறகே முதியவர் இறங்கி வந்தார் என்பர். 1945 செப்டம்பரில், எட்செலின் மூத்த மகன், இருபத்தெட்டு வயது இளைஞர், தலைவரானார். அவர் பெயரும் ஹென்றி போர்டு. நம் வழக்கப்படியே அவர் பெயரன்.

இளைஞர் ஹென்றி திறமையாளர்களைத் தேடிச் சேர்த்தார். ஜெனரல் மோட்டார்ஸ் வட்டாரத்தில் பயின்ற எர்னஸ்ட் பிரீச் வந்தார். போர்க்காலத்தில் விமானப்படையின் கணக்குகளைக் கட்டியாண்ட பத்து இளைஞர்கள் ஒரு குழுவாக வந்தனர். அவர்களுள் ஒருவர் ராபர்ட் மக்நமாரா. கம்பெனி நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் ஒரு குறை கண்ணை உறுத்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களைப் படிக்கட்டாக அமைத்திருந்தது. செவர்லே வாங்கியவன் வருவாய் பெருகப் பெருகப் பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் என்று ஏறிக் காடிலாக்கில் போய் அமர்வான். எந்தப் படியில் நின்றாலும் அவன் பணம் ஒரே வீட்டுக்குப் போகும். போர்டிடமோ கீழ்ப்படியில் போர்டும் மேற்படியில் லிங்கனும் இருக்க, நடுவே மெர்க்குரி ஒன்றுதான் இருந்தது. போர்டு காரில் ஓட்டப் பழகியவன் கையில் பணம் சேர்ந்ததும் பியூக் கடைக்கு நடந்தான். நாற்றங்கால் போர்டுடையது, அறுவடை ஜெனரல் மோட்டார்ஸுடையது என்றாயிற்று. நடுத்தர விலையில் ஒரு புதிய காரைப் படைப்பது என்று 1955-இல் முடிவாயிற்று. தனிப் பிரிவு ஒன்று ரிச்சர்ட் கிராஃபி என்பவர் தலைமையில் அமைந்தது. பெயர் சூட்டும் வரை அதனை ‘ஈ-கார்’ என்றே குறித்தனர்.

இக்கதையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி பெயர் தேடிய படலமே. டேவிட் வாலஸ் என்னும் ஆய்வாளர் இதற்குப் பொறுப்பேற்றார். இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவிலும் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவிலும் புதிதாகக் கார் வாங்கியவர்களைக் கண்டு, எந்தக் காரைக் கண்டால் மனத்தில் என்ன தோன்றுகிறது என்று கேட்டு எழுதினர். இது எவ்விதக் குடும்பத்துக்கு ஏற்ற கார், ஆணுக்கா பெண்ணுக்கா, முதியவருக்கா இளைஞருக்கா என்றெல்லாம் ஆராய்ச்சி நடந்தது. தெருவில் நின்று வழிப்போக்கரிடம் பெயர்களைச் சொல்லி, கேட்டதும் நினைவுக்கு வரும் சொல் எது என்று குறித்துக் கொண்டனர். அதுவும் போதாது என்று கவிஞரை நாடினர். அமெரிக்காவின் பெரும்புலவருள் ஒருவரான மேரியன் மூர் அம்மையாருக்கு 1955-இல் கடிதம் போயிற்று. அம்மையார் மனமுவந்து பட்டியல் பட்டியலாகப் பெயர்களை அனுப்பினார். ‘அறிவுள்ள திமிங்கிலம்’ என்று பொருள்படும் ஒரு பெயர் அவற்றுள் உண்டு. இறுதியாக வந்தது ‘உட்டோப்பியன் டர்ட்டில்டாப்’; இலட்சிய உலகத்து ஆமையோடு என்று ஒருவாறு தமிழில் சொல்லலாம். கம்பெனியார் அவருக்கு ரோஜா மலர்கள் அனுப்பி நன்றி தெரிவித்துக் கொண்டனர். பெயரை எடுத்துக் கொள்ளவில்லை. விளம்பர நிறுவனத்தாரும் தம் பங்குக்கு ஆயிரக்கணக்கான பெயர்களைத் தொகுத்து, அவற்றைக் குறைத்து 6,000 பெயர்களாக்கிக் கொணர்ந்தனர். ஒரு பெயர் கேட்டோருக்கு ஆறாயிரம் கிடைத்தது. கொள்ளத் தக்கது எது என்று சொல்வார்தான் இல்லை.

‘எட்செல்’ என்னும் பெயர் தொடக்கத்திலேயே ஒருமுறை பேச்சில் அடிபட்டது. நிறுவனத்தை நடத்திய போர்டு சகோதரர்களின் தந்தை பெயர் அது. சிறப்புச் செய்ததாகும் என்று கருதியே கிராஃபி அதனைச் சொன்னார். தம் பெயர் பத்து லட்சம் சக்கர மூடிகளில் சுழல்வதைத் தந்தை விரும்பியிருக்க மாட்டார் என்பது மக்களின் விடையாக இருந்தது. அத்துடன் அது கைவிடப்பட்டது. 1956-இன் பிற்பகுதியில் முடிவு செய்யவேண்டிய கூட்டம் கூடியபோது சகோதரர்கள் மூவரும் ஊரில் இல்லை. தலைமை வகித்தவர் பிரீச். கோர்சேர், சைட்டேஷன், பேசர், ரேஞ்சர் என வடிகட்டி வைத்திருந்த பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டப்பட்டன. எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒதுக்கிய பெயர்களைக் காட்டச் சொன்னார். எட்செல் வந்ததும் அதுவே இருக்கட்டும் என்றார். வெளியூரில் இருந்த ஹென்றியிடம் சொல்லி இசைவு பெற்றனர். மற்ற நான்கு பெயர்கள் காரின் நான்கு வகைகளுக்குப் பங்கிடப்பட்டன.

வழிப்போக்கரிடம் கேட்ட ஆராய்ச்சியில் எட்செல் என்றதும் டீசல் என்றும், பிரெட்ஸல் என்னும் தின்பண்டம் என்றும் மக்கள் சொல்லியிருந்தனர். ஊரார் கருத்தை ஈராண்டு கேட்டுக் கேட்டு எழுதியவர்கள் இறுதியில் ஊரார் கருத்தையும் கொள்ளவில்லை. வீட்டார் விருப்பத்தையும் கொள்ளவில்லை. என் கருத்தில் இதுவே இக்கதையின் முள். குடும்பத்தினர் நினைவில் பேணி வைத்த பெயரை அவர்கள் இல்லாத கூட்டத்தில் எடுத்து, விலைப்பட்டியலின் மேல் எழுதிவிட்டனர். ஹென்றி மறுத்திருக்கலாமே என்று கேட்கலாம். மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. கம்பெனியைக் காத்துக் கொடுத்த மூத்தவரின் சொல்லை மீறத் தயங்கினாரோ, யாமறியோம்.

இனி, கார் எப்படி இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். ராய் பிரவுன் என்னும் கனடா நாட்டவர் அதனை வடிவமைத்தார். அக்காலத்து அமெரிக்கக் கார்கள் யாவும் முன்புறத்தில் ஒன்றுபோலவே படுக்கைவாட்டான கிரில் கொண்டிருந்தன. தொலைவில் வரும்போது எது எந்தக் கார் என்று தெரியாது. ஆதலால் பிரவுன் நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒடுக்கமான கிரில் ஒன்றை அமைத்தார். முதல் வரைபடத்தில் அது மெலிந்து அழகாக இருந்தது. எஞ்சின் குளிர்வதற்குக் காற்று போதாது என்று பொறியாளர்கள் சொல்லவே அகலப்படுத்தினர். அகன்றதும் அது வண்டிக்குதிரையின் கழுத்து வளையம் போல் ஆயிற்று. எலுமிச்சங்காயைச் சப்பும் ஓல்ட்ஸ்மொபைல் போலிருக்கிறது என்று நகைத்தவரும் உண்டு. இன்னும் நாகரிகமற்ற ஒப்புமைகளும் எழுந்தன. அவற்றை ஆண்டு மலரில் அச்சிட வேண்டுவதில்லை.

ஆனால் எட்செல் மட்டமான கார் அன்று. பெரிய வகைகளில் 410 கன அங்குல வி-8 எஞ்சின் 345 குதிரைத் திறன் தந்தது. நீளம் பதினெட்டு அடிக்கு மேல். தேயத் தேயத் தாமே சரிசெய்துகொள்ளும் பிரேக்குகள் இருந்தன. எஞ்சின் எண்ணெய் குறைந்தால் விளக்கு எரிந்து எச்சரித்தது. ஸ்டீரிங் சக்கரத்தின் நடுவிலேயே பொத்தான்கள் வைத்து, அவற்றை அழுத்தினால் மின்மோட்டார் கியரை மாற்றும்படி செய்திருந்தனர். புதுமைதான், ஆயினும் வழக்கமாக ஹார்ன் இருக்கும் இடத்தில் கியர் இருந்தால், அவசரத்தில் கை எங்கே போகும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. அந்தப் பொத்தான்களும் அடிக்கடி பழுதாயின. தனித் தொழிற்சாலை கட்டாமல் போர்டு, மெர்க்குரி கார்கள் வரும் வரிசையிலேயே இடையிடையே எட்செல்லையும் விட்டனர். பழகிய கைக்கு இடையில் புதிய வேலை வந்தால் திருகு ஒன்று விடுபடுவது இயல்பு. கதவு பொருந்தாத வண்டிகளும், எண்ணெய் ஒழுகிய வண்டிகளும், பின்பெட்டி திறவாத வண்டிகளும் வாங்கியவர் வீட்டை அடைந்தன. இன்னின்ன உறுப்புகள் இல்லை என்று சீட்டு ஒட்டி விற்பனையாளரிடம் அனுப்பப்பட்ட வண்டிகளும் இருந்தன.

1957 செப்டம்பர் 4-ஆம் நாள் வெளியீடு. அதற்கு முன் மாதக்கணக்கில், காரைக் காட்டாமலேயே ‘எட்செல் வருகிறது’ என்று விளம்பரம் செய்து மக்களின் ஆவலைத் தூண்டியிருந்தனர். லாரிகளில் துணி மூடிக் கொண்டுபோய்க் கடைகளில் மறைத்து வைத்தனர். அன்று 25 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கடைகளுக்கு வந்து பார்த்ததாகக் கணக்கிட்டனர். பார்த்தனர்; போயினர். வானத்திலிருந்து ஏதோ இறங்கப் போகிறது என்று எதிர்பார்க்கச் செய்துவிட்டு நான்கு சக்கரமும் ஒரு கிரில்லும் காட்டினால் யார்தான் ஏமாறமாட்டார்? பிங் கிராஸ்பி, பிராங்க் சினாட்ரா போன்ற புகழ்பெற்ற பாடகர்களைக் கொண்டு அக்டோபர் 13-இல் ஒரு மணி நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினர். நிகழ்ச்சியை மக்கள் விரும்பினர். காரை விரும்பவில்லை.

குற்றம் முழுவதையும் கிரில்லின் மேல் போடுவது அக்காலத்து வழக்கம். எனக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. 1957 ஆகஸ்டிலேயே அமெரிக்காவில் வாணிப மந்தம் தொடங்கிவிட்டது. நடுத்தர விலைக் கார்கள் யாவும் அடிபட்டன. நாஷ், ஹட்சன் ஆகியவை 1957-இலும், பாக்கார்டு 1958-இலும் மறைந்தன. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் அறியப்பட்டிருந்த டிசோட்டோ 1960-இல் மறைந்தது. மற்றக் கம்பெனிகள் பழைய மாடல்களைத் தள்ளுபடி விலையில் தள்ளிக்கொண்டிருந்த பருவத்தில், எட்செல் அடுத்த ஆண்டு விலையோடு வந்து நின்றது. அதன் மலிவான வகைக்கும் உயர்ந்த போர்டு காருக்கும் விலையில் பெரிய வேற்றுமை இல்லை. உயர்ந்த வகைகள் மெர்க்குரியோடு மோதின. எந்த இடைவெளியை நிரப்பப் பிறந்ததோ அந்த இடைவெளி அப்போது இல்லை. மக்கள் சிறிய ராம்ப்ளரையும் ஜெர்மானிய வோக்ஸ்வாகனையும் நாடத் தொடங்கியிருந்தனர். ஆண்டுக்கு 2 லட்சம் கார்கள் விற்றால்தான் கட்டுபடியாகும் என்ற நிலையில், 1958-ஆம் ஆண்டு மாடலில் அமெரிக்காவில் செய்யப்பட்டவை 63,110; அடுத்த மாடலில் 44,891; மூன்றாவதில் 2,846. கடைசி மாடலில் அந்த நிமிர்ந்த கிரில்லும் இல்லை. 1959 நவம்பர் 19-ஆம் நாள் எட்செல் நிறுத்தப்பட்டது. இழப்பு 25 கோடி டாலர் என்பது பலரும் சொல்லும் கணக்கு.

எட்செல் பிறந்த அதே 1957-58 காலத்தில்தான், நம் கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளியின் மேற்கரையில் உள்ள உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் காரைச் செய்யத் தொடங்கியது. அது 2014 மே மாதம் வரை பெரிதாக மாறாமலே வந்துகொண்டிருந்தது. நம் ஊர் மஞ்சள் டாக்சிகளில் ஏறாதவர் நம்முள் எவர்? இதனை அம்பாசடரின் பெருமையாக மட்டும் சொல்லிவிட முடியாது. வேறு கார் வாங்க வழியில்லாத நாட்டில் எந்தக் காரும் நீடிக்கும். எட்செல்லை மறுக்க அமெரிக்கனுக்குப் பக்கத்துக் கடை இருந்தது.

தோல்விக்கு ஆளானவர்கள் வேறு வேறு விதமாகப் பிழைத்தார்கள். ராய் பிரவுன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஒருவகையில் நாடு கடத்தல்தான். அங்கே அவர் வடிவமைத்த போர்டு கார்ட்டினா 1962-இல் வந்து, பிரிட்டனில் பெருவெற்றி பெற்றது. எட்செல்லை முதலிலிருந்தே விரும்பாத மக்நமாரா, 1960-க்கான சிறிய பால்கன் காரை முன்னின்று கொணர்ந்து வெற்றி கண்டு, கம்பெனித் தலைவராகி, அதன்பின் கென்னடி அரசில் பாதுகாப்பு அமைச்சரானார். அரசியல் எதிரிகள் பின்னாளில் எட்செல்லை அவர் தலையில் கட்டினர். வழக்கைத் திருப்பிவிடுவது எங்கும் உள்ளதுதான்.

தப்பாதது பெயர் ஒன்றே. ‘எட்செல்’ என்னும் சொல் படுதோல்வி என்னும் பொருளில் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. அந்தக் காரை ஒருநாளும் காணாத, அது பிறப்பதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்த ஒருவரின் பெயர் அது என்பது அச்சொல்லைப் பயன்படுத்துவோரில் பலருக்குத் தெரியாது.

அவர் செய்த இன்னொரு செயலும் பலருக்குத் தெரியாது. 1936-இல் 25,000 டாலரை முதலாக வைத்துப் போர்டு அறநிறுவனத்தைத் தொடங்கியவர் எட்செல். மரண வரியிலிருந்து குடும்பப் பங்குகளைக் காப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. தந்தை, மகன் இருவர் பங்குகளும் வந்து சேர்ந்த பிறகு அது உலகின் பெரிய அறநிறுவனங்களுள் ஒன்றாயிற்று. அமெரிக்காவுக்கு வெளியே அது திறந்த முதல் அலுவலகம், 1952-இல், புதுடில்லியில். 1960-61-இல் இந்திய அரசோடு சேர்ந்து தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களுள் ஒன்று நம் தஞ்சாவூர். விதை, உரம், கடன், அறிவுரை யாவும் ஒன்றாக உழவனுக்குச் சென்ற திட்டம் அது. தஞ்சை மண்ணிலிருந்து இங்கு வந்த முதியோர் ‘பேக்கேஜ் திட்டம்’ என்ற பெயரை நினைவில் வைத்திருக்கக் கூடும். 1961-இல் தோன்றிய கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்துக்கும், அதே ஆண்டில் இந்நகரின் வளர்ச்சியைத் திட்டமிட அமைந்த பெருநகரத் திட்டக் குழுவுக்கும் இந்நிறுவனத்தின் உதவி வந்தது. இவை எவற்றிலும் எட்செல் என்ற பெயர் இல்லை.

டெட்ராய்ட் கலைக்கூடத்தின் தெற்குச் சுவரில், வலப்புறம் கீழ்மூலையில், ரிவேரா எட்செலைச் சிறியதாகத் தீட்டி வைத்திருக்கிறார். கோட்டும் டையும் அணிந்து, ஆரவாரமின்றி, தாம் பொருள் கொடுத்த ஓவியத்தின் ஓரத்தில் அவர் நிற்கிறார்.

ஹென்றி போர்டு தம் தந்தையின் பெயரை இடுவதற்குத் தக்க இடத்தை முன்னரே கண்டிருந்தார். 1948 டிசம்பரில் பிறந்த தம் மகனுக்கு எட்செல் என்று பெயரிட்டார். கார் கடைக்கு வந்தபோது சிறுவனுக்கு வயது எட்டு. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரோடு அவன் என்ன பட்டிருப்பான் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். அந்தப் பெயரனே வளர்ந்து 1988 முதல் 2021 வரை போர்டு கம்பெனியின் இயக்குநர் குழுவில் அமர்ந்திருந்தார்.